நம்ம கையில் என்ன இருக்கு?

அந்தப் பெரியவர் அன்றைக்கு ஏழாவது முறையாக வந்திருந்தார், இறந்துபோன மனைவிக்கு வர வேண்டிய நிலுவைத் தொகைக்காக. ஓர் அலுவலகத்தின் விசாரணை ஜன்னலில் 27 ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். நடுவில் கம்பி வலை, கீழே காகிதம் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து, அதுதான் ஜன்னல். அவருடைய கோப்பு வேறொரு மாடியில், வேறொருவர் மேசையில், கையெழுத்துக்காகக் கிடந்தது. எல்லோரிடமும் சொல்கிற பதிலை அவரிடமும் சொன்னேன்: "என் கையில என்னங்க ஐயா இருக்கு?"

அவர் வலைக்கு அருகே குனிந்து பார்த்தார். "பேனா இருக்கேம்மா" என்றார்.

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அவர் குரலில் குத்தலும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. கல்யாணம் தட்டிப்போன வீட்டில் கேட்போம். மழை பொய்த்தால் கேட்போம். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்போம். 'நம்ம கையில என்ன இருக்கு' என்றால் ஒன்றும் இல்லை என்று பொருள்; பேச்சு முடிந்தது, எழுந்துகொள்ளலாம். அதையே மெய்யான கேள்வியாக எடுத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணிப் பதில் சொன்ன ஒரு கூட்டம் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதையில் மகளுக்கு வேதியியல் கைடு தேடிக்கொண்டிருந்தேன். பழைய புத்தகங்களைப் பரப்பிவைத்திருப்பார்களே, அந்தக் குவியலில் உள்ளங்கை அளவே இருந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் தட்டுப்பட்டது. புரட்டினேன். நம் கையில் உள்ளவை, நம் கையில் இல்லாதவை என்று உலகத்தையே இரண்டாகப் பங்கு போட்டிருந்தார் அதன் ஆசிரியர். எனக்கும் பெரியவருக்கும் நடந்த பேச்சை யாரோ ஒட்டுக்கேட்டு எழுதியதுபோல் இருந்தது. இருபது ரூபாய் கொடுத்து வாங்கினேன். கைடு கிடைக்கவில்லை.

அது எபிக்டெட்டஸ் என்பவரின் பாடங்களிலிருந்து தொகுத்த 53 சிறு அத்தியாயங்கள். கிரேக்கத்தில் பெயர் 'என்கெய்ரிடியோன்'. 'கெய்ர்' என்றால் கை. கைக்குள் அடங்குவது, கையோடு இருக்க வேண்டியது என்று பொருள். இடுப்பில் செருகும் குறுவாளையும் கிரேக்கர்கள் அதே சொல்லால்தான் அழைத்தார்கள்.

மூழ்கிய கப்பலும் உடைந்த பானையும்

ஸ்டோயிக் தத்துவத்தின் தொடக்கக் கதை ஒரு வியாபார நஷ்டம். சைப்ரஸ் தீவின் கிட்டியோன் ஊர்க்காரர் ஸீனோ. அந்த ஊர் இன்று லார்னகா. கடல் நத்தையிலிருந்து எடுக்கும் ஊதாச் சாயம் அந்தக் காலத்தில் அரசர்களின் துணிக்கானது, விலை எக்கச்சக்கம். அந்தச் சரக்கோடு வந்த ஸீனோவின் கப்பல், ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் அருகே உடைந்தது. தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனீஸ் லேர்ட்டியஸ் சொல்வது இது. சரக்கை இழந்த ஸீனோ நகருக்குள் போய் ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்தார். கடைக்காரர் சாக்ரடீஸைப் பற்றி செனஃபோன் எழுதியதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மனிதர்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று ஸீனோ கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன கிரேட்டிஸைக் கைகாட்டி, அவர் பின்னால் போகச் சொன்னார் கடைக்காரர்.

கிரேட்டிஸ் சொத்துபத்தை உதறிவிட்டுத் தெருவில் வாழ்ந்த 'சினிக்' கூட்டத்துத் தத்துவவாதி. புதுச் சீடனுக்கு ஒரே ஒரு குறை, கூச்சம் அதிகம் என்று கண்டுகொண்டார். ஒரு பானை நிறையப் பருப்புக் கஞ்சியைக் கொடுத்து, குயவர் பேட்டை வழியாகத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். நேற்றுவரை ஊதாச் சாயம் விற்றவருக்குக் கஞ்சிப் பானை தூக்க வெட்கம். மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். கிரேட்டிஸ் தன் தடியால் பானையில் ஒரு போடு போட்டார். கஞ்சி தொடை வழியாக ஒழுக, ஸீனோ ஓட்டம் பிடித்தார். ஒன்றும் ஆகிவிடவில்லையே, ஏன் ஓடுகிறாய் என்று பின்னாலிருந்து குரு கத்தினாராம்.

கி.மு. 300 வாக்கில் ஸீனோ தானே பாடம் சொல்லத் தொடங்கினார். கட்டடம் வாங்கவில்லை. ஏதென்ஸ் சந்தைச் சதுக்கத்தின் வடக்கே 'ஸ்டோவா பொய்கிலே' என்று ஓவியத் தாழ்வாரம் ஒன்று இருந்தது. மாரத்தான் போரும் டிராய் நகரின் வீழ்ச்சியும் அங்கே சித்திரங்களாக இருந்தன. ஒரு காலத்தில் முப்பது கொடுங்கோலர்களின் ஆட்சி 1,400 பேரைக் கொன்ற இடம் என்ற கெட்ட நினைவும் அதற்கு உண்டு. அங்கேதான் ஸீனோ குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பேசினார். 'ஸ்டோவா' என்றால் தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரம். அங்கே கூடியவர்கள் ஸ்டோயிக்குகள். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி, இடத்தின் பெயரே தத்துவத்துக்கு நின்றுவிட்டது. 1981ல் அமெரிக்க அகழாய்வாளர்கள் அதன் ஒரு மூலையைத் தோண்டி எடுத்தார்கள். ஏதென்ஸிலிருந்து பிரேயஸுக்குப் போகும் ரயில் இன்று அதன் பக்கத்தில்தான் ஓடுகிறது.

ஸீனோவுக்குப் பிறகு வந்த கிளியான்தீஸ் ஒரு குத்துச்சண்டைக்காரர். பகலில் பாடம், இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கூலி. பகலெல்லாம் தத்துவம் பேசுகிறவனுக்கு இந்த உடம்பு எப்படி என்று சந்தேகப்பட்டு அவரை விசாரணைக்கே அழைத்தார்களாம். தோட்டக்காரர் வந்து சாட்சி சொன்னார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிப்பி ஓட்டிலும் மாட்டெலும்பிலும் பாடக் குறிப்பு எழுதியவர் அவர். அடுத்து வந்த கிரிசிப்பஸ் நெடுந்தூர ஓட்டக்காரர், 705 நூல்கள் எழுதினார். ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. மற்றவர்கள் மேற்கோள் காட்டிய துண்டுகளை வைத்துத்தான் அவரை இன்று படிக்கிறோம். 'இப்படியானால் அப்படி' என்று வாக்கியத்தை வாக்கியத்தோடு கோத்து முடிவு காணும் தர்க்கத்தை வளர்த்தவர் அவர். அதன் மதிப்பு இருபதாம் நூற்றாண்டில்தான் உலகத்துக்கு விளங்கியது.

விரியும் விரல், மூடும் முஷ்டி

தங்கள் தத்துவத்தை ஒரு தோட்டம் என்றார்கள் ஸ்டோயிக்குகள். தர்க்கம் வேலி. இயற்கையைப் பற்றிய அறிவு மண்ணும் மரமும். வாழும் முறை அதில் காய்க்கும் பழம். உலகம் முழுவதும் ஒரே உயிர். 'லோகோஸ்' என்கிற ஒழுங்கறிவு அதற்குள் நெருப்பைப் போலப் பரவியிருக்கிறது. மனிதனுக்குள் இருக்கும் பகுத்தறிவு அதன் ஒரு பொறி. ஆகவே பகுத்தறிவோடு வாழ்வதுதான் இயற்கையோடு ஒத்து வாழ்வது. விவேகம், துணிவு, நீதி, அடக்கம் என்ற நான்கு குணங்கள் மட்டுமே முழு நன்மை. பணம், உடல்நலம், நல்ல பெயர் எல்லாம்? கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம், விரும்பவும் செய்யலாம். ஆனால் அவை ஒருவனை நல்லவனாகவோ கெட்டவனாகவோ ஆக்குவதில்லை.

இதுவரை சொன்னது பாடப் புத்தகச் சுருக்கம். எனக்குப் பாடம் உறைத்தது ஸீனோவின் கையைப் பார்த்த பிறகுதான். அவர் பாடம் நடத்திய விதத்தை ரோமானியரான சிசெரோ எழுதிவைத்திருக்கிறார். ஸீனோ விரல்களை விரித்து உள்ளங்கையைக் காட்டுவார்: மனத்தில் வந்து விழும் தோற்றம் இது. விரல்களைக் கொஞ்சம் மடக்குவார்: அந்தத் தோற்றத்துக்கு நாம் கொடுக்கும் சம்மதம். முஷ்டியாக மூடுவார்: பிடிபட்டுவிட்டது. மற்றக் கையால் அந்த முஷ்டியை இறுக்கிப் பிடிப்பார்: இதுதான் அறிவு, ஞானி ஒருவனுக்கே வாய்ப்பது.

ஜன்னலில் உட்கார்ந்து நானும் செய்து பார்த்திருக்கிறேன். "சம்பளம் வாங்க மட்டும்தான் உக்காந்திருக்கீங்களா?" என்று ஒருவர் கத்துவார். குரல் காதில் விழுகிறது, முகம் சூடாகிறது. விரிந்த கை. 'என்னை அவமானப்படுத்திவிட்டான்' என்று மனம் சொல்கிறது. விரல் மடங்குகிறது. அடுத்த நொடி முஷ்டி: 'இவன் கோப்பு அடியில் போகட்டும்.' மூன்றும் ஒரே நொடியில் நடப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. ஒருவர் கத்தினார் என்பது நடந்தது. அவமானம் என்பது நான் சேர்த்தது. விரிந்த கைக்கும் மடங்கும் விரலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ஸ்டோயிக்குகளின் மொத்தப் பயிற்சியும் அந்த இடைவெளியில்தான்.

அப்படியானால் உணர்ச்சியே இல்லாத கல்லாக இருக்கச் சொன்னார்களா? ஸ்டோயிக் என்ற சொல்லுக்கு இன்று அப்படித்தான் பொருள் ஆகிவிட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ஆலஸ் கெல்லியஸ் ஒரு கடல் பயணத்தை எழுதியிருக்கிறார். கிரேக்கக் கரையிலிருந்து இத்தாலியின் பிருந்திசியத்துக்குப் போகும்போது ராத்திரி முழுக்கப் புயல். கப்பலில் ஏதென்ஸின் பெயர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவர் இருந்தார். இவர் எப்படி இருக்கிறார் பார்ப்போம் என்று கெல்லியஸ் கவனித்தார். ஆசிரியர் அழவில்லை, அலறவில்லை; ஆனால் முகம் வெளுத்திருந்தது. கடல் அடங்கியதும் பணக்காரப் பயணி ஒருவர் நக்கலாகக் கேட்டார்: நான் பயப்படவில்லை, தத்துவவாதி நீர் ஏன் வெளுத்தீர்? ஆசிரியர் அவரை ஒரு வார்த்தையில் ஒதுக்கினார். பிறகு கெல்லியஸ் பணிவாகக் கேட்டபோது பையிலிருந்து எபிக்டெட்டஸின் பாடங்களை எடுத்துக் காட்டினார். இடி இடித்தால் ஞானிக்கும் உடம்பு நடுங்கும், நிறம் மாறும். அது அவன் அனுமதி கேட்டு வருவதில்லை. 'ஐயோ, இது பேராபத்து' என்று அந்த நடுக்கத்துக்கு ஒப்புதல் தருகிறானா என்பதில்தான் ஞானிக்கும் மற்றவனுக்கும் வித்தியாசம். இந்த விளக்கம் இருந்த, அந்தப் பாடங்களின் ஐந்தாம் புத்தகம் இன்று நம்மிடம் இல்லை. கெல்லியஸ் எழுதிவைத்ததால் இந்தச் செய்தி மட்டும் தப்பித்தது.

அடிமையின் விளக்கு

எபிக்டெட்டஸ் கி.பி. 50 வாக்கில் ஹியராபோலிஸில் பிறந்தார். துருக்கியில் வெள்ளைப் படிக்கட்டுபோல வெந்நீர் ஊற்றுகள் வழிகிற பமுக்கலேதான் அது. 'எபிக்டெட்டோஸ்' என்றால் 'வாங்கிச் சேர்த்தது'. அது ஒரு மனிதனின் பெயர். ரோமாபுரியில் நீரோ மன்னனின் செயலாளர் எபஃப்ரோடிட்டஸ் அவருக்கு எஜமானர். கால் ஊனம். எஜமானர் முறுக்கி உடைத்தது என்று ஒரு கதை, நோயால் வந்தது என்று இன்னொன்று. அடிமையாக இருக்கும்போதே முசோனியஸ் ரூஃபஸ் என்ற ஆசிரியரிடம் படித்தார். பெண்களும் தத்துவம் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதிட்டவர் முசோனியஸ்.

விடுதலையான பிறகு எபிக்டெட்டஸ் ரோமில் பாடம் சொன்னார். ஏறத்தாழ கி.பி. 93ல் டொமிஷியன் பேரரசன் தத்துவவாதிகளை நகரைவிட்டு விரட்டினான். இந்த டொமிஷியன்தான் ரோமில் மிளகுக் கிடங்கு கட்டியவன். அதில் குவிந்த மிளகு நம் சேர நாட்டுக் கரையிலிருந்து போனது. மிளகுக்கு இடம் இருந்த ஊரில் எபிக்டெட்டஸுக்கு இடமில்லை. கிரேக்கத்தின் மேற்குக் கரையில் நிக்கோபோலிஸ் ஊரில் பள்ளி வைத்தார். அவர் ஒன்றும் எழுதவில்லை. அர்ரியன் என்ற மாணவர் பாடங்களைக் குறித்துவைத்தார். எட்டுப் புத்தகங்களில் நான்குதான் மிஞ்சின.

எபிக்டெட்டஸ் போட்ட கணக்கு இதுதான். உடம்பு, சொத்து, பதவி, பிறர் நம்மைப் பற்றி நினைப்பது ஆகியவை நம் கையில் இல்லை. நம் தீர்ப்பு, நம் விருப்பு, வெறுப்பு, ஒரு செயலில் இறங்குவதா வேண்டாமா என்பது நம் கையில். சொத்து, உடம்பு, பெயர், ஊர் எதுவுமே சொந்தமாக இல்லாதிருந்த ஒரு மனிதர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, இன்னும் இவ்வளவு மிச்சம் இருக்கிறதே என்று சொன்ன கணக்கு. நான் ஜன்னலில் சொன்னது நேர் எதிர். சம்பளம், நாற்காலி, பேனா எல்லாம் இருந்தும் கையை விரித்தேன்.

அவர் வீட்டில் சாமி படத்தருகே ஏற்றுவதுபோல ஓர் இரும்பு விளக்கு இருந்தது. திருடன் கொண்டுபோய்விட்டான். நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவர் இறந்த பிறகு அந்த மண் விளக்கை ஒருவர் 3,000 திராக்மாவுக்கு வாங்கினாராம், அதன் வெளிச்சத்தில் படித்தால் ஞானம் வந்துவிடும் என்று. லூசியன் என்ற எழுத்தாளர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். இன்று செல்பேசியைத் திறந்தால் சிங்கப் படத்தோடு ஸ்டோயிக் பொன்மொழிகள் வந்து விழுகின்றன. எனக்கு அந்த விளக்குதான் ஞாபகம் வரும்.

புத்தகத்தை மூடிய இடம்

இந்தக் கைப்புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். பிள்ளையை முத்தமிடும்போது, சாகக்கூடிய ஓர் உயிரை முத்தமிடுகிறேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டுமாம். மகளுக்கு அப்போது பரீட்சை நேரம். மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடி அந்த வரியைப் படித்தபோது, பிள்ளை பெறாத மனுஷன் எழுதியது என்று தோன்றியது. ஒரு வருஷம் அந்தப் புத்தகம் அலமாரியில் துணிக்கடியில் கிடந்தது.

மறுபடி எடுக்க வைத்தவர் மார்கஸ் அரேலியஸ். கி.பி. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசை ஆண்டவர். 165ஐ ஒட்டித் தொடங்கிய கொள்ளைநோய் பேரரசு முழுக்கப் பரவியது. வடக்கே டான்யூப் ஆற்றங்கரையில் ஓயாத போர். கூடாரத்தில் உட்கார்ந்து கிரேக்க மொழியில் தனக்குத்தானே குறிப்புகள் எழுதினார். ஒரு பகுதியின் தலைப்பில் கார்னுண்டம் என்ற ஊர்ப் பெயர் இருக்கிறது. ஆஸ்திரியாவில் இருந்த ரோமானியப் படைமுகாம். 'தியானங்கள்' என்று உலகம் இன்று படிக்கும் நூல் அதுதான். யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதாகத் தெரியவில்லை. காலையில் படுக்கையைவிட்டு எழ மனமில்லாத தன்னிடமே வாதாடுகிறார், உலகத்தையே ஆள்கிற மனிதர்! கோபப்படாதே என்று ஒரு பக்கத்தில் எழுதுகிறார். பத்துப் பக்கம் தாண்டி மறுபடி எழுதுகிறார். நேற்று எழுதியது இன்றைக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

அவருக்குப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள். பாதிக்கு மேல் சிறு வயதிலேயே போய்விட்டன. எபிக்டெட்டஸின் பாடக் குறிப்புகளை ரஸ்டிகஸ் என்ற ஆசிரியர் தனக்குக் கொடுத்ததற்கு முதல் புத்தகத்திலேயே நன்றி சொல்கிறார். கடைசிப் பகுதிக்கு முந்தைய பகுதியில் எபிக்டெட்டஸின் அந்த முத்தத்தை எடுத்து எழுதிவைத்திருக்கிறார். எந்தப் பிள்ளையைப் புதைத்த பிறகோ, எது காய்ச்சலில் கிடந்தபோதோ. அதைப் பார்த்ததும் அந்தக் கடுமை எனக்கு வேறாகத் தெரிந்தது. பிள்ளைகளை நோய் அள்ளிக்கொண்டு போன காலத்தில், கையில் இருக்கும்போதே முழுதாகப் பார்த்துக்கொள் என்று ஓர் அப்பா தனக்குச் சொல்லிக்கொண்டது. இன்னும் எனக்கு அந்த அத்தியாயம் பிடிக்கவில்லை. ஆனால் கல்நெஞ்சு என்று சொல்ல மாட்டேன். மார்கஸ் ஒருமுறை ஓர் ஆசிரியர் இறந்ததற்கு அழுதாராம். அரண்மனை ஆட்கள் அடக்கப் பார்த்தபோது, வளர்ப்புத் தந்தை அன்டோனைனஸ் பயஸ், விடுங்கள், அழட்டும் என்று தடுத்ததாக ஒரு பழைய வரலாறு சொல்கிறது.

இத்தாலியின் 50 சென்ட் யூரோ நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் குதிரைமேல் மார்கஸ் இருப்பார். ரோமில் உள்ள அந்த வெண்கலச் சிலை உருக்கப்படாமல் தப்பியதற்குக் காரணம், இடைக்காலத்துக் கிறிஸ்தவர்கள் அதைத் தங்கள் பேரரசன் கான்ஸ்டன்டைன் என்று நினைத்ததுதான்.

வாயை மூடச் சொல்லும் தத்துவமா?

என் தோழி ஒருத்தி, தொழிற்சங்கத்தில் இருந்தவள், இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி, மேலே இருக்கறவனுக்கு ரொம்ப சௌகரியமான தத்துவமா இருக்கே! கூலி குறைச்சலா கொடுத்தா, அது உன் கையில இல்ல, நீ மனசை அடக்கிக்கோன்னு சொல்லிடலாம்ல?"

கேள்வி நியாயமானது. அடிமைகளும் மனிதர்களே, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று எழுதிய ரோமானிய ஸ்டோயிக் செனெகா அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. நீரோவின் ஆசானாகி, நான்கே ஆண்டில் 30 கோடி செஸ்டர்ஸ் சேர்த்துவிட்டார் என்று அவர் காலத்திலேயே ஒருவர் குற்றம் சாட்டினார். எளிமையைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் இந்தத் தொகை குறுக்கே வரும். கி.பி. 65ல் சதிக் குற்றம் சுமத்தி, தன் கையாலேயே சாகும்படி அவருக்கு உத்தரவிட்டான் நீரோ. அவரிடம் நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கத்தை. இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு போன பிறகு, தன் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைக்குச் சொன்னது செய்தது எல்லாவற்றையும் நீதிபதி முன் வைப்பதுபோல வரிசையாக நினைத்துப் பார்ப்பாராம்.

ஆனால் தோழிக்கு நான் சொன்ன பதில் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ். ரோமானிய செனட் உறுப்பினர், ஸ்டோயிக். சபைக்கு வராதே என்று வெஸ்பாசியன் பேரரசன் சொல்லி அனுப்பினான். என்னை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குவது உன் கையில். உறுப்பினராக இருக்கும்வரை வருவது என் கடமை என்றார் இவர். வந்தால் பேசாதே. என் கருத்தைக் கேட்காதே, பேசாமல் இருக்கிறேன். நான் கேட்டாக வேண்டுமே. அப்படியானால் சரியென்று பட்டதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் கொன்றுவிடுவேன். நான் சாகவே மாட்டேன் என்று எப்போது சொன்னேன்? கொல்வது உன் வேலை, நடுங்காமல் சாவது என் வேலை. இந்தப் பேச்சை வகுப்பில் சொல்லிக் காட்டியவர் எபிக்டெட்டஸ். ஹெல்விடியஸ் பிறகு கொல்லப்பட்டார். எது யார் கையில் என்ற அதே கணக்குதான். இங்கே அது வாயைத் திறக்க வைத்திருக்கிறது. நான்கு குணங்களில் நீதியும் ஒன்று என்பதை, சிங்கப் படம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

"அப்ப சரி" என்றாள் தோழி. முழுதாக ஒப்புக்கொண்ட மாதிரி இல்லை.

பெய்ஜிங்கிலிருந்து ஹனோய் சிறைவரை

தாழ்வாரத்துப் பள்ளி மறைந்துபோனாலும் அந்தச் சிறு புத்தகம் மறையவில்லை. கிறிஸ்தவத் துறவிகள் அதில் சில பெயர்களை மாற்றி மடத்துக்குப் பாடமாக்கிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் மதச் சண்டையில் ஊர்கள் எரிந்துகொண்டிருந்த 1584ல், யுஸ்டஸ் லிப்சியஸ் என்ற அறிஞர் ஸ்டோயிக் கருத்துகளைக் கிறிஸ்தவத்தோடு சேர்த்து மன உறுதியைப் பற்றி எழுதினார். 1605ல் மத்தேயோ ரிச்சி என்ற ஏசு சபைப் பாதிரியார் அதே கைப்புத்தகத்தைச் சுருக்கி, பெய்ஜிங்கில் சீன மொழியில் 'இருபத்தைந்து வாக்குகள்' என்று வெளியிட்டார்.

நம் காலத்தில் அது மனநல மருத்துவத்துக்குள் நுழைந்தது. 1950களில் ஆல்பர்ட் எல்லிஸும் அடுத்து ஆரன் பெக்கும் வளர்த்த சிகிச்சை முறைகளின் வேர் ஸ்டோயிக்குகளிடம் இருப்பதாக அவர்களே சொன்னார்கள். நடந்த சம்பவத்தைவிட அதைப் பற்றி நமக்குள் ஓடும் எண்ணமே நம்மை அதிகம் வதைக்கிறது. அந்த எண்ணத்தை எழுதிவைத்து, இது உண்மைதானா என்று சரிபார். ஆலோசகர்கள் இன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்வதும் ஸீனோவின் விரல்கள் மடங்கும் முன் நிறுத்துகிற வேலைதான்.

1965 செப்டம்பர் 9 அன்று வடக்கு வியட்நாம் வானில் அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் விமானம் சுடப்பட்டது. அவர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஓர் ஆசிரியர் எபிக்டெட்டஸின் புத்தகத்தைக் கையில் கொடுத்திருந்தார். பாராசூட்டில் இறங்கும்போதே, எபிக்டெட்டஸின் உலகத்துக்குள் போகிறேன் என்று நினைத்துக்கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். ஹனோயில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறை, அதில் நான்கு ஆண்டு தனிமை. கால் உடைந்து, ஆயுளுக்கும் நொண்ட வேண்டியதாயிற்று. எபிக்டெட்டஸைப் போலவே. அவர் எந்தப் போருக்காகப் பறந்தார் என்ற கேள்வி தனியாக நிற்கிறது. சித்திரவதை அறையில், தன் பயத்தையும் வெட்கத்தையும் தவிர மற்றதெல்லாம் சிறைக்காரர்கள் கையில் இருந்தபோது, 1,900 ஆண்டுப் பழைய கணக்கு ஒருவருக்கு உதவியிருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே

பெரியவர் கதையை முடிக்கவில்லையே. அன்று நான் அந்தப் பேனாவை எடுத்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன்: கோப்பில் எந்தச் சான்றிதழ் குறைகிறது, எந்த மாடி, எந்தப் பிரிவு, யாருக்கு நினைவூட்டல் கடிதம் போட வேண்டும். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பணம் அதனால் உடனே வந்துவிடவில்லை. மேலும் எட்டு மாதம் ஆனது. அம்பெய்கிறவன் உதாரணம் ஒன்று ஸ்டோயிக்குகளிடம் உண்டு. குறி பார்ப்பது, நாணை இழுப்பது, விடுவது வரை அவன் வேலை. விட்ட பிறகு காற்று அடிக்கலாம், மான் நகரலாம். மான் நகர்ந்தால் அவன் வில்லாளி இல்லை என்று ஆகாது. ஆனால் நான் ஆறு முறை வில்லையே எடுக்காமல் காற்றைக் குறை சொல்லியிருந்தேன்.

பணி ஓய்வு பெற்று இப்போது ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். போன மாதம் என் சொந்தக் காகிதம் ஒன்றுக்காக மூன்றாவது முறை போனேன். உள்ளே என் மகள் வயதுப் பெண். திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நம்ம கையில என்ன மேடம் இருக்கு?"

அவள் கையில் மவுஸ் இருந்தது.

பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் வரிசை சிரித்திருக்கும். அவள் முகம் சிவந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் இனித்தும் இருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. என்ன காகிதம் குறைகிறது என்று மட்டும் கேட்டு, நானே சீட்டில் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப் வரை முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரவு நோட்டில் அன்றைய கணக்கை எழுதும்போது புரிந்தது. அதே வார்த்தையை அந்தப் பெரியவர் சொன்னபோது அவர் குரலில் துளி கோபம் இல்லை. ஏழாவது முறை வந்தவர். மனைவியை இழந்தவர். எபிக்டெட்டஸ் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். எனக்கு மூன்றாவது முறைக்கே அந்தக் குரல் வரவில்லை.